தாளம் மூன்றுக்குப் பொறுப்பாளர் இல்லை

திரையில் பொத்தான் சாம்பல் பூத்துக் கிடந்தது. அம்புக்குறியை அதன்மேல் கொண்டுபோய் நிறுத்தினால் கீழே ஒரு வரி எழும்பி வந்தது. ‘தாளம் 3: பொறுப்பாளர் இல்லாததால் பதிவிறக்கம் நிறுத்தப்பட்டுள்ளது.’ நகர்த்தினால் மறைந்தது. ஜெனோவா காலையிலிருந்து அதையே செய்துகொண்டிருந்தாள். ஒரு தடவையாவது அந்த வரி வேறாக இருந்துவிடாதா என்று.

அடுத்த அறையில் கித்தேரியானின் கருவி டிக் என்றது. அவன் நெஞ்சு ஏறி இறங்கியிருக்கும். மறுபடி டிக். வீட்டுக்குப் புதிதாக வருகிறவர்கள் பல்லி என்று நினைத்துச் சுவரைப் பார்ப்பார்கள். ஜெனோவாவுக்கு அந்தச் சத்தம் இல்லாமல் தூக்கம் வராது.

அவள் கணவன் கித்தேரியான் சங்கு குளித்தவன். தூத்துக்குடிக் கடலில், படகில் ஓடும் கம்ப்ரசரிலிருந்து வரும் ரப்பர்க் குழாயை வாயில் கவ்விக்கொண்டு, ஆழத்தில் மணலைத் துழாவிச் சங்கெடுப்பான். ஒருநாள் கம்ப்ரசரின் பெல்ட் அறுந்தது. காற்று நின்றதும் ஒரே பாய்ச்சலில் மேலே வந்தான். அப்படி வரக்கூடாது என்று அவனுக்குத் தெரியும். வராமல் இருக்கவும் முடியாது. இரத்தத்தில் குமிழி கட்டி, கழுத்துக்குக் கீழே எல்லாம் செத்தது. பிறகு கை வந்தது, கால் வந்தது. மூச்சு மட்டும் கடலுக்கடியிலேயே தங்கிவிட்டது. அன்றிலிருந்து இடுப்பில் கட்டிய ஒரு சிறிய பெட்டிதான், விலாவுக்குள் போகும் கம்பி வழியாக, இழு, விடு என்று அவன் உடம்புக்குச் சொல்லிக் கொடுத்துவந்தது.

அந்தப் பெட்டிக்குள் உப்புக்காற்று புகுந்துவிட்டது. மழைக்காலம் முடியும்வரை தாங்குவது சந்தேகம் என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டுப் புதுப்பெட்டி கொடுத்தார்கள். புதுப்பெட்டி இப்போது மேசைமேல், வாழைப்பழச் சீப்புக்குப் பக்கத்தில் இருந்தது. இயக்கினால் அதன் சின்னத் திரையில் ஒரு செய்தி வந்தது: ‘தாளம் 3 தேவை. பொதுக் கிடங்கிலிருந்து இறக்கிக்கொள்ளவும்.’

வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம். அவளுடைய அண்ணன் தொம்மை. எதிர்வீடுதான். கையில் மீன் பை.

“என்னட்டி, இன்னுமா அதையே முறைச்சுட்டு இருக்க? மாப்ள சாப்ட்டாரா?”

“கஞ்சி குடிச்சாவ. படுத்திருக்காவ.”

தொம்மை பையை அடுப்படியில் வைத்துவிட்டு வந்து புதுப்பெட்டியைக் கையில் எடுத்துப் புரட்டினான். “புது மாலு. கம்பெனிக்காரன் குடுத்தது. பொறவு என்ன இல்லேங்கான்?”

“ரன்டைம் இல்ல.”

“அப்படின்னா?”

ஜெனோவா திரையிலிருந்து முகத்தை எடுத்தாள். “நீ ஒரு கம்ப்ரசர் வாங்குத. பிரிச்சுப் பாத்தா உள்ள பெல்ட்டு இல்ல. ‘பெல்ட்டு இன்ன கடையில கெடைக்கும்’னு ஒரு துண்டுச் சீட்டு மட்டும் இருக்கு. இதுவும் அப்படித்தான். மூச்சு விடவைக்கிற புரோகிராம் உள்ள இருக்கு. அது ஓடணும்னா அடியில தாளம்னு ஒண்ணு ஓடணும். நேரத்த எண்ணிச் சொல்லுறது அதோட வேல. அத நாமதான் எறக்கிக்கிடணும்.”

“பெல்ட்ட கூடவே வச்சுக் குடுத்தா என்ன, அவன் கை அழுகிப் போயிருமா?”

“யாரும் வைக்க மாட்டோம்ணே. நானும் வைக்க மாட்டேன். துறைமுகக் கிரேனுக்குப் புரோகிராம் எழுதுதேன்ல, அதுலயும் ஒண்ணும் கையில வச்சுக்கிடல. எங்க இருக்குங்கிற விலாசத்த மட்டும் எழுதி வைப்போம். கேட்டா வந்துரும். இத்தன வருசமும் வந்துச்சு.”

“கட மூடுனா?”

அவள் மறுபடி திரைக்குத் திரும்பினாள். அடுத்த அறையில் டிக். தொம்மை கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தான். அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவன் கை தானாக எதையாவது பற்றிக்கொள்ளும். இப்போது நாற்காலியின் முதுகைப் பற்றியிருந்தது.

கடை மூடவில்லை. கடைக்காரர்தான் இல்லை. சில வருடங்களுக்கு முன் வடக்கே ஒரு நகரத்தில் சிறுநீரகம் சுத்திகரிக்கும் இயந்திரங்கள் ஒரே காலையில் நின்றுபோயின. தேடிப் பார்த்தால், அவை எல்லாவற்றுக்கும் அடியில் யாரோ எப்போதோ எழுதிப் போட்டுவிட்டுப் போன ஒரு சின்னஞ்சிறு கூறு. எழுதியவர் யாரென்றே தெரியவில்லை. செத்தவர்களின் வீட்டார் யாரைப் பார்த்துக் கத்துவது? அதன் பிறகு வந்ததுதான் பொறுப்புச் சட்டம். இனி எந்த மென்பொருள் கூறையும் யாரும் இறக்கிக்கொள்ள வேண்டுமென்றால், உயிரோடிருக்கும் ஒருவர் அதற்குக் கையெழுத்திட்டிருக்க வேண்டும். அதன்மேல் எழுப்பப்பட்ட எது சரிந்தாலும் அவர் வந்து நிற்க வேண்டும். அவர் இறந்தாலோ விலகினாலோ பொத்தான் சாம்பலாகிவிடும். இதைச் செய்தியில் படித்த அன்று, நியாயம்தான் என்று ஜெனோவா நினைத்தாள். இப்போதும் அவளுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. வெறுக்கக்கூட முடியாத ஒன்று குறுக்கே நின்றது.

தாளம் மூன்றின் கோப்பு கிடைக்காமல் போகவில்லை. பழைய நண்பர்களின் கணினிகளிலும் ஒரு கல்லூரி ஆய்வகத்திலும் பிரதிகள் இருந்தன. புதுப்பெட்டி அவற்றைத் தொடவே மறுத்தது. அது ஒவ்வொரு விடியலிலும் கிடங்கைக் கூப்பிட்டு, என் அடியில் இருப்பதற்கு யார் பொறுப்பு என்று கேட்கும்படி செய்யப்பட்டிருந்தது. பழைய பெட்டியின் அடியில் ஓடுவதும் தாளம்தான், ஆனால் அது சட்டத்துக்கு முந்தியது, யாரையும் கேட்பதில்லை. புதியதை உடைத்து ஏமாற்றப் பார்த்தால் தன்னைத்தானே பூட்டிக்கொள்ளும். ஒரே ஒரு பெட்டிதான் இருந்தது. வேறு மாதிரிக் கருவி வேண்டுமென்றால் விலாவை மறுபடி அறுக்க வேண்டும். இந்த நெஞ்சு இன்னொரு மயக்க ஊசியைத் தாங்காது என்று மருத்துவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

கூடவே வேலை செய்தவர்களிடம் கேட்டாள். நீங்கள் கையெழுத்திடுவீர்களா? தொலைபேசியின் மறுபக்கம் ஒவ்வொருவரும் பின்வாங்கினார்கள். குழந்தை இருக்கிறது என்றார் ஒருவர். இன்னொருவர் அழுதுவிட்டார். தான் எழுதாத பல்லாயிரம் வரிகளுக்கு, யாரோ எங்கோ அதன்மேல் கட்டப்போகிற எதற்கோ, யார் கழுத்தை நீட்டுவார்கள்? அவளுக்கு யார்மேலும் கோபம் வரவில்லை. எண்களை ஒவ்வொன்றாக அழுத்தித் தீர்த்தாள்.

கடைசியில் மிச்சமிருந்தது, தாளம் மூன்றுக்குக் கையெழுத்திட்டிருந்து விலகிப்போனவரின் பெயர். ஹம்சவேணி, தொண்டாமுத்தூர், கோயம்புத்தூர்.

*

நாற்றுப்பண்ணையில் பச்சை வலைக்குக் கீழே ஒரு பெண் தக்காளி நாற்றுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். ஐம்பது வயதிருக்கும். ஜெனோவா தான் யாரென்று சொல்ல, தாளம் என்ற சொல்லைக் கேட்டதும், அந்தப் பெண் கையிலிருந்த குழாயை மூடினாள்.

“அதுக்காகத் தூத்துக்குடியில இருந்து வந்தீங்களாக்கும்? போன் பண்ணியிருந்தா அங்கயே மாட்டேன்னு சொல்லியிருப்பேனுங்களே.”

“அதனாலதான் போன் பண்ணல.”

ஹம்சவேணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “உக்காருங்க. மோர் குடிப்பீங்களா?”

இருவரும் மோரைக் குடித்தார்கள். வலைக்கு மேலே ஒரு மைனா நடந்தது. அதன் கால்கள் மட்டும் தெரிந்தன. ஜெனோவா கணவனைப் பற்றிச் சொன்னாள், பெட்டியைப் பற்றிச் சொன்னாள். கெஞ்சுவது போல வராமல் பார்த்துக்கொண்டாள்.

“ஒரு அடுக்குமாடியில லிஃப்ட்டு விழுந்துச்சுங்க,” என்றாள் ஹம்சவேணி. “அதுல ஒரு பையன். லிஃப்ட்டோட புரோகிராம் தப்பு, தாளத்துல ஒண்ணுமில்ல. ஆனா அடியில இருந்தது தாளம். பேரு என்னோடது. கேஸ் நடந்துச்சு. ஜெயிச்சுட்டேன்.”

“அப்புறம் ஏன் வெலகுனீங்க?”

“ஒவ்வொரு வாய்தாவுக்கும் அந்தப் பையனோட அம்மா வருவாங்க. எனக்குப் பின்னால பெஞ்சுல உக்காருவாங்க. ஒருநா எனக்கு இருமல் வந்து நிக்கவே இல்ல. பின்னால இருந்து ஒரு தண்ணி பாட்டில் வந்துச்சு. திரும்பிப் பாத்தா அவங்க.” அவள் டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். “அந்தத் தண்ணியக் குடிச்சனுங்க. வீட்டுக்கு வந்து பேர எடுத்துட்டேன்.”

அதற்கு மேல் எதுவும் கேட்கக் கூடாது என்று ஜெனோவாவுக்குத் தோன்றியது. ஆனால் எழுந்து போகவும் இல்லை. உட்கார்ந்திருந்தாள். வெயில் வலையின் கட்டங்களைத் தரையில் நகர்த்திக்கொண்டிருந்தது.

“இன்னொன்னு சொல்லோணும்,” என்றாள் ஹம்சவேணி, நெடுநேரம் கழித்து. “அதுல ஒரு குறை இருக்குது. எப்பவோ ஒரு தடவ, எண்ணிக்கை நெறஞ்சு மறுபடி முதல்ல இருந்து தொடங்கும்போது, ஒரு துடிப்பு விட்டுப் போயிரும். லிஃப்ட்டுக்கோ பம்புசெட்டுக்கோ அது தெரியாது. மூச்சுக்குத் தெரியும்.”

ஜெனோவாவின் முதுகு நிமிர்ந்தது. சில விடியல்களில் திடீரென்று விழிப்புத் தட்டும். எதனால் என்று தெரியாமல் இருட்டைப் பார்த்துக் கிடப்பாள். பிறகு டிக் வரும். கனவு என்று நினைத்திருந்தாள்.

“ஏன் சரி பண்ணல?”

“ஒரு மத்தியானத்துல பண்ணிரலாங்க. பண்ணுனா அது புதுசு. புதுசுன்னா சோதனை, சான்றிதழ். மூணு வருஷம் நாலு வருஷம் இழுத்துரும். அதான் அப்படியே கெடக்கு. குறிப்புல எழுதித்தான் வச்சேன். அதையெல்லாம் யாருங்க படிக்கறாங்க?”

“நானே கையெழுத்துப் போட்டா?”

ஹம்சவேணி அவளை முதல் தடவையாக முழுதாகப் பார்த்தாள். “நீங்க போட முடியாதுங்க கண்ணு. அதனால ஆதாயம் உள்ளவங்களோ அவங்க சொந்தக்காரங்களோ போட்டாச் செல்லாது. புருசன் பொண்டாட்டி, மச்சான், யாரும் ஆகாது. வேணுங்கறவங்க கண்ண மூடிட்டுக் குறைய மறைச்சுப் போடுவாங்கன்னு சட்டம் நெனைக்குது. ஒட்டு ஒறவு இல்லாத ஆளா இருக்கோணும்.”

ரயிலில் திரும்பும்போது ஜெனோவா சன்னலோரம் உட்கார்ந்து எதையும் பார்க்காமல் வந்தாள். மணியாச்சி தாண்டும்போது, பையிலிருந்த தக்காளி நாற்றுகளின் ஈரமண் வாசனை வந்தது. ஹம்சவேணி வற்புறுத்திக் கொடுத்தவை.

*

கித்தேரியானால் ஒரு மூச்சில் நாலைந்து சொல்தான் பேச முடியும். டிக் என்றதும் காற்று உள்ளே போகும், அது வெளியே வரும்போது சொற்களை ஏற்றி அனுப்புவான். மீதியை அடுத்த டிக்குக்கு வைத்திருப்பான். இத்தனை வருடங்களில் வீண் சொற்களையெல்லாம் அவன் உதிர்த்துவிட்டிருந்தான்.

கோயம்புத்தூரில் நடந்ததை அவள் மாலையில் இருவருக்கும் சொன்னாள். தொம்மை தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கேட்டான். உறவுக்காரர் ஆகாது என்ற இடம் வந்ததும் அவன் முகம் சிவந்தது.

“இது என்னட்டி சட்டம்? கடல்ல எவனாவது ஒட்டில்லாதவன் கையில கயித்தக் குடுப்பானா?”

சங்குகுளிக்கிறவன் இறங்கும்போது குழாயோடு ஒரு கயிறும் இறங்கும். படகில் அதன் மறுமுனையைப் பிடித்திருப்பவன் மனைவியின் சகோதரனாகத்தான் இருப்பான். அவர்களுடைய தெருவில் யாரும் இதை விளக்கிச் சொன்னதில்லை, எல்லோருக்கும் தெரியும். கயிறு நழுவினால் தாலி இழப்பது அவனுடைய சொந்தத் தங்கை. கீழே இருந்து ஓர் இழுப்பு வந்தால், இருக்கிறேன் என்று பொருள். அடுத்தடுத்து இரண்டு வந்தால் தூக்கு என்று. தொம்மை கயிறு பிடிக்கும்போது சாப்பிட மாட்டான், பீடி பற்றவைக்கத் தலையைத் திருப்ப மாட்டான். பெல்ட் அறுந்த அன்றும் அவன்தான் பிடித்திருந்தான்.

“வேணும்னு இருக்கிறவன்தான் நல்லாப் புடிப்பான்,” என்றான் தொம்மை. “சட்டம் போட்டவன் என்னடான்னா வேண்டாதவனாப் பாத்துக் கூட்டிட்டு வான்னு சொல்லுதான். கிறுக்குப் பயலுவ.”

“ரெண்டுலயும் ஞாயம் இருக்குண்ணே.”

“என்னத்த ஞாயம்? உனக்குப் படிப்பு ஏறிப் போச்சுட்டி.”

கித்தேரியான் கையைத் தூக்கினான். இருவரும் நிறுத்தினார்கள். டிக்.

“அப்போ நீ என் பொண்டாட்டியா…”

டிக்.

“…இல்லாம இருந்தா?”

வெளியே யாரோ தெருக்குழாயில் குடத்தை வைக்கும் சத்தம். ஜெனோவா அவன் முகத்தைப் பார்த்தாள். ரயிலில் வரும்போதே அவளுக்கு அது தோன்றியிருந்தது. தோன்றியதை நாற்றுகளோடு பையின் அடியில் வைத்துக் கொண்டுவந்திருந்தாள். அவன் எடுத்து வெளியே வைத்துவிட்டான்.

“வெளையாடாதிய மாப்ள,” என்றான் தொம்மை. குரல் உடைந்தது. “ஏட்டி, நீயாவது சொல்லு. கயித்தப் புடிக்கணும்னா தாலிய அறுத்துட்டு வான்னு சொல்லுதானா?”

“ஆமா,” என்றாள் ஜெனோவா. “அப்படித்தான் கேக்கான்.”

“கோயில்ல கட்டுன முடிச்சு…” கித்தேரியான் மூச்சுக்குக் காத்திருந்தான். “…அது அப்படியேதான் இருக்கும். மாதாவுக்குத் தெரியும்.”

“பேருக்குப் பிரிஞ்சா போதாது. ஒரே வீட்டுல இருக்கக் கூடாது. விசாரிப்பாங்க. நான் பேரு வச்சிருக்கிற வரைக்கும் அப்படித்தான்.”

டிக். “எவ்வளவு நாளு?”

“தெரியல. வருசக்கணக்கா.”

அவன் சிரித்தான். சிரிப்புக்கும் மூச்சு வேண்டும் என்பதால் அது பாதியில் நின்றது. “நான் கடல்ல… கிடந்தப்போ… நீ கரையில இருந்தேல்லா. அதே தூரந்தான்.”

அவள் எழுந்து அடுப்படிக்குப் போனாள். மீனை அலசினாள். அலசிய மீனையே மறுபடி அலசினாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு வந்து, மனமொத்த பிரிவுக்கு விண்ணப்பிக்கும் பக்கத்தைத் திறந்தாள். அந்தப் பொத்தான் நல்ல பச்சையாக இருந்தது.

*

மதுரை அலுவலகத்தில் விசாரணை அதிகாரியின் பெயர் வாஹிதா. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுக் கேள்வி கேட்கிறவர். தொம்மை கூட வந்திருந்தான், பின்வரிசையில் உட்கார்ந்திருந்தான்.

“தாளம் மூன்றால் பயன்பெறுகிறவர்களில் உங்களுக்கு உறவினர் யாராவது உண்டா?”

“இல்லை.”

“கித்தேரியான்?”

“முன்னாள் கணவர். தீர்ப்பு நகல் கொடுத்திருக்கேன்.”

“போன மாசம்.” வாஹிதா நகலைத் தொடவில்லை. “இன்னைக்குக் காலைல எங்க கண் முழிச்சீங்க?”

“அண்ணன் வீட்ல.”

“நேத்து?”

“அங்கதான். அந்தத் தீர்ப்புக்கு முன்னால இருந்தே.”

அது உண்மை. அண்ணன் வீட்டு மாடியில், டிக் இல்லாத அமைதியில், அவள் கண்ணை மூடாமல் கிடந்த இரவுகளின் கருவளையம் கண்ணுக்குக் கீழே இருந்தது. வாஹிதா அதைப் பார்த்திருக்க வேண்டும். வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

“அம்மா, நான் இந்த நாற்காலியில உக்காந்து எத்தனையோ பொறுப்பாளர்களைப் பாத்திருக்கேன். எல்லாரும் விலகத்தான் வருவாங்க. ஏற்க வர்றவங்க ரொம்பக் குறைவு. அதனால கேக்கறேன். உங்களுக்கு இதுல ஒரு ஆதாயமும் இல்லைன்னா, எதுக்காக ஏத்துக்கறீங்க?”

இதற்கு ஒரு பதில் தயாராக வைத்திருந்தாள், பொதுநலம் என்று தொடங்கும். அதை விட்டுவிட்டாள். அறையில் மின்விசிறி சுற்றியது. பின்னால் தொம்மையின் நாற்காலி கிரீச்சிட்டது. உறவுள்ளவர்கள் குறையை மறைப்பார்கள் என்று சட்டம் நினைக்கிறது. மறைத்தால் இப்போதே அவளைக் கையெழுத்திட விட்டுவிடுவார்கள். புதுப்பெட்டி ஓடும். மழை ஏற்கெனவே தொடங்கிவிட்டது.

“தாளத்துல ஒரு குறை இருக்கு,” என்றாள்.

வாஹிதா கண்ணாடியை எடுத்து மாட்டினார்.

ஜெனோவா சொன்னாள். எப்போது, எப்படி ஒரு துடிப்பு விட்டுப்போகிறது என்று. லிஃப்டுக்கு அது தெரியாது, மூச்சுக்குத் தெரியும் என்று. “பழைய பொறுப்பாளர் குறிப்புல எழுதி வச்சிருக்காங்க. யாரும் படிக்கல. நான் பேர் போட்டா அத முதல் வரியாப் போடுவேன். எறக்கிக்கிற ஒவ்வொருத்தருக்கும், அந்த இடத்துல என்ன பாதுகாப்பு எழுதணும்னு நானே எழுதிக் குடுப்பேன். படிச்சேன்னு சொல்லாம அந்தப் பொத்தான் அமுங்காது. சரி பண்ணுன பதிப்புக்கும் இன்னைக்கே சோதனைக்கு மனு குடுக்கேன். இது குறையில்லாததுன்னு நான் கையெழுத்துப் போட வரல. குறை எங்க இருக்குன்னு தெரிஞ்ச ஒரு ஆளு புடிச்சிருக்கணும். அதுக்குத்தான் வந்தேன்.”

“குறை இருக்கிறதை நான் பதிவு பண்ணினா, இதை மொத்தமா நிராகரிக்க எனக்கு அதிகாரம் உண்டு. தெரியுமா?”

“தெரியும்.”

“தெரிஞ்சும் சொன்னீங்க.”

பின்வரிசையில் தொம்மை ‘மாதாவே’ என்று முணுமுணுத்தது அறை முழுக்கக் கேட்டது. வாஹிதா அவனை நிமிர்ந்து பார்த்தார். பிறகு ஜெனோவாவின் வெறும் கழுத்தைப் பார்த்தார்.

“ஒட்டு உறவு இல்லாதவங்க ஒருத்தரும் இதுவரைக்கும் எங்கிட்ட வந்து குறையைச் சொன்னதில்லம்மா,” என்றார் தாழ்ந்த குரலில். யாரிடமும் சொல்லாததுபோல் அதைச் சொல்லிவிட்டு, உடனே அலுவலகக் குரலுக்குத் திரும்பினார். “கட்டை விரலை வைங்க.”

*

மழை கொஞ்சம் விட்டிருந்த ஒரு முற்பகலில் மருத்துவமனையிலிருந்து தொழில்நுட்பப் பணியாளர் வந்தார். ஜெனோவா எதிர்வீட்டு மாடி வராந்தாவில் நின்றாள். போய்வரத் தடையில்லை, தங்கத்தான் தடை. ஆனாலும் இந்த நேரத்தில் அங்கே போய் நிற்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. தொம்மையின் மனைவி செலஸ்டீன்தான் அங்கே கித்தேரியானின் தோளைப் பிடித்தபடி இருந்தாள்.

கையிலிருந்த போன் ஒருமுறை அதிர்ந்தது. ‘தாளம் 3. பதிவிறக்கம்: தூத்துக்குடி.’ பொறுப்பாளருக்கு ஒவ்வொன்றும் தெரிவிக்கப்பட வேண்டும் என்பது விதி: யாராவது இறக்கினால் ஓர் அதிர்வு, எங்காவது பழுதானால் அடுத்தடுத்து இரண்டு.

எதிரே, சன்னலுக்குள், வெள்ளைச் சட்டை குனிந்தது. கம்பியைப் பழைய பெட்டியிலிருந்து கழற்றிப் புதியதில் மாட்டும் அந்த இடைவெளியில் தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டதுபோல் இருந்தது. ஜெனோவாவின் கை வராந்தாக் கம்பியைப் பற்றியது. பிறகு சன்னலில் ஒரு கை எழும்பியது. கித்தேரியானின் கை. ஒரே ஒரு தடவை கீழ்நோக்கி இழுத்துக் காட்டியது.

அவள் வராந்தாத் தரையில் கணினிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

போன் மறுபடி அதிர்ந்தது. கோழிக்கோடு. சற்றுக் கழித்து யாழ்ப்பாணம். பிறகு அவள் கேள்விப்பட்டிராத ஓர் ஊர். அதன் பெயரை எப்படி உச்சரிப்பது என்றுகூடத் தெரியவில்லை. எங்கெங்கோ மேசைகளின்மேல், வாழைப்பழச் சீப்புகளுக்குப் பக்கத்தில், எத்தனை பெட்டிகள் காத்துக்கிடந்தனவோ. அவள் பிடிக்க வந்தது ஒரு கயிற்றை.

தொம்மை தட்டில் சோறும் மீன்குழம்பும் எடுத்துக்கொண்டு மாடியேறி வந்தான். “காலையில இருந்து ஒண்ணும் திங்கல நீ. என்னட்டி அது, சும்மா சும்மா துடிக்கி?”

“எறக்கிக்கிடுதாங்கண்ணே. ஒவ்வொருத்தரும்.”

“யாரு?”

“தெரியல.”

அவள் பக்கத்தில் கணினி திறந்திருந்தது. சரிசெய்ய வேண்டிய அந்த இடத்தில் குறி நின்று மினுங்கியது. புதிய பதிப்புக்குத் தாளம் 4 என்று பெயர் மட்டும் வைத்திருந்தாள். சோதனை முடிய மூன்று வருடமோ நான்கு வருடமோ. அன்று யாராவது ஒட்டு உறவு இல்லாதவர் பயமின்றிக் கையெழுத்திடும்படி அது இருக்க வேண்டும். அப்போது தெருவைக் கடந்து வீட்டுக்குப் போகலாம். காலையில் ஹம்சவேணியிடமிருந்து ஒரு செய்தி வந்திருந்தது. ‘பேர் போட மாட்டேனுங்க. சோதனை ஓட்டித் தர்றேன். சாயந்தரத்துல நாற்றுக்கு வேலை இல்ல. தக்காளி வேர் பிடிச்சுதா?’

“அத அமத்தி வச்சுட்டுச் சாப்டு,” என்றான் தொம்மை.

“அமத்த மாட்டேன்.”

“சோறு ஆறுதுட்டி.”

போன் அதிர்ந்தது. அவள் தட்டைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள். பெல்ட் அறுந்த அன்றிலிருந்து அவன் கடலுக்குப் போனதில்லை. போனை அவனிடம் நீட்டினாள்.

“நான் சாப்டுற வரைக்கும் நீ புடி.”

தொம்மை கையை இடுப்பில் கட்டிய சாரத்தில் துடைத்தான். புறங்கையையும் துடைத்தான். பிறகு போனை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, அவளுக்கு முதுகைக் காட்டி, கடல் இருக்கும் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தான். அவன் முதுகு விறைத்தது. தலை அசையவில்லை.

“ஒண்ணுன்னா இருக்காவ,” என்றான். “ரெண்டுன்னா?”

“ரெண்டுன்னா என்னக் கூப்பிடு.”

அவள் சோற்றைப் பிசைந்தாள். எதிர்வீட்டின் டிக் இங்கே கேட்காது. அண்ணனின் உள்ளங்கைக்குள் போன் ஒருமுறை அதிர்ந்து அடங்கியது.

“இருக்காவ,” என்றான் தொம்மை.